பாலைவனத்தில் 1,140 படம் எடுத்தேன், தேறியது ஆறு. தப்பு எங்கே?

தேரடி தினா:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. திருவொற்றியூர்க்காரன். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை. நாலு வருடம் முன்னால் பர்மா பஜாரில் கைமாறி வந்த நிக்கான் டி5300 ஒன்றை வாங்கினேன். கேமராவோடு வருகிற 18-55 மிமீ கிட் லென்ஸ், அப்புறம் ஒரு 35 மிமீ லென்ஸ். சொத்து அவ்வளவுதான்.

எனக்கு ஆள் இல்லாத இடம்தான் பிடிக்கும். ட்ரெய்லர் ஹாரனும் டிரைவர்களின் சண்டையும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனதாலோ என்னவோ, லீவு கிடைத்தால் யாருமே இல்லாத ஒரு சுவர் முன்னால் போய் நிற்கிறேன். கல்யாணம், காதுகுத்து எடுக்கச் சொல்லி சொந்தக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேமராவில் கோளாறு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இந்த ஜனவரியில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. ஜோத்பூரில் ரயில் மாறி ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போய்விட்டேன். மூன்று நாள். முதல் நாள் சாம் மணல்மேடு. ஜீப்காரர் கொண்டுபோய் இறக்கியபோது மதியம் பன்னிரண்டரை. திரும்பின பக்கமெல்லாம் ஒட்டகம், டயர் தடம், சிப்ஸ் பாக்கெட். மறுநாள் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர், வரிசை வரிசையாகக் கூரையில்லாத கல் வீடுகள். சலீம் சிங் என்ற திவானின் தொல்லை தாங்காமல் ஒரே ராத்திரியில் ஊரே காலியானது என்று கைடு சொன்னார். உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு ஒரு படத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் மணல் முழுக்க சிமெண்ட் தரை மாதிரி தட்டை. கண்ணால் பார்த்தபோது பொன் நிறம், படத்தில் அழுக்குச் சாம்பல். குல்தராவைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஏங்க, இது நம்ம மீஞ்சூர்ல பாதில நின்னுபோன பிளாட்டு மாதிரியே இருக்கே" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னது சரி.

இனிமேல்தான் விஷயம். ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, ராத்திரி ஷிஃப்ட் முடித்து எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக வந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் வரும் நேரம். கொட்டி வைத்த கல்லை ஒட்டி, கடல் பாதி தின்ற ஒரு வீடு. முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. சமையல்கட்டுச் சுவர் ஒன்று நிற்கிறது, நீலச் சுண்ணாம்பு, நடுவில் ஒரு மாடம். வண்டியை ஸ்டாண்டு போட்டு இருபது படம் எடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு ஆயாவின் குரல். கையில் அன்னக்கூடை. "இன்னா தம்பி, போட்டு இல்ல, மீனு இல்ல, செவுத்தப் போயி புடிக்கிற?"

"பழைய வீடு ஆயா, நல்லா இருக்கு, அதான்."

"நல்லா இருக்கா? அது என் வூடு."

அப்புறம் கையை நீட்டி வாசப்படி எங்கே இருந்தது என்று காட்டினார். கல்லுக்கு அந்தப் பக்கம், அலை உடைகிற இடம். எனக்கு மேற்கொண்டு பட்டனை அமுக்க முடியவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த இருபதில் இரண்டு படம், ராஜஸ்தானில் எடுத்த 1,140ஐயும் தூக்கிச் சாப்பிடுகிறது. அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேமரா அதே, லென்ஸ் அதே, ஆளும் அதே மடையன்தான். இன்னொன்று, ஒரு படம் பின்சுவரின் நிழல் பக்கமாக நின்று எடுத்தது. அதில் சன்னல் வெள்ளை வெளேர், சுவர் கும்மிருட்டு. எப்படிச் சமாளிப்பது? மாடத்துக்கு மேலே கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறது, அதை அழித்துவிடலாமா? திரும்பவும் பணம் சேர்த்து அந்தத் தார் பாலைவனத்துக்கே போகலாமா, பக்கத்திலேயே வேறு மணல் உண்டா? ஆயா வீட்டுப் படத்தைப் பொதுவில் போடலாமா கூடாதா என்பது ஒரு பக்கம் உறுத்துகிறது.

பழைய நெகட்டிவ்:

தம்பி தினா, வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன். உன் கேமராவில் ஒரு குற்றமும் இல்லை, கடிகாரத்தில்தான் குற்றம்.

மணல்மேட்டின் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் 34 டிகிரியைத் தாண்டாது. காய்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். சூரியன் அதைவிட உயரத்தில் இருந்தால் மேட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம்தான், நிழல் எங்கிருந்து வரும்? நீ போன ஜனவரி மதியத்தில் அங்கே சூரியன் 40 டிகிரியைத் தாண்டி நின்றிருக்கும். நிழல் இல்லாத மணல் மாவு மாதிரிதான் தெரியும். காற்று போட்ட வரிகள் இன்னும் ஆழம் குறைந்தவை. அவை எழுந்து நிற்க வேண்டுமானால் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம், மறைவதற்கு முந்தின ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஜெய்சல்மேர் ரொம்ப மேற்கே இருப்பதால் ஜனவரியில் அங்கே ஏழரைக்குத்தான் விடியும். நம் ஊர்க் கணக்கில் அஞ்சரைக்கு எழுந்து நடுங்க வேண்டாம், ஆறரைக்கு எழுந்து நடுங்கினால் போதும். ராத்திரி மணலிலேயே கூடாரத்தில் தங்கியவனுக்குத்தான் டயர் தடம் இல்லாத மேடு கிடைக்கும்.

பொன் நிறம் சாம்பலானதற்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர். எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கத்தான் அதற்குத் தெரியும். பளிச்சென்ற மணலைக் காட்டினால் பயந்துபோய் இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +0.7, +1 வை. ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்.

குல்தரா வேறு சங்கதி. கூரை இல்லாததால் அது வீடே இல்லை, முற்றம். வெளிச்சம் மேலிருந்து கொட்டும். சாயங்காலம் வாசல் வழியாக வெயில் படுத்து உள்ளே வருகிற நேரத்தில் போயிருக்க வேண்டும். ஆனால் இருட்டுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் வை. ஒரே ராத்திரி என்பது கைடு கதை. கிணறு வற்றியதும் வரியும் சேர்ந்து ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது என்று சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. கடைசியாக இருந்த ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

சன்னல் விஷயத்துக்கு முக்காலி வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கிற பிராக்கெட்டிங்கில் -2, 0, +2 என்று மூன்று எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள். ரொம்பச் சேர்த்தால் ஜவுளிக்கடை காலண்டர் மாதிரி ஆகிவிடும். என்னைக் கேட்டால் சன்னல் கொஞ்சம் வெளுத்தே இருக்கட்டும். இருட்டு அறையிலிருந்து வெளியே பார்த்தால் நம் கண்ணுக்கும் அப்படித்தானே கூசுகிறது?

நீலச் சுவர் ஏன் நன்றாக வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். கடலிலிருந்து வந்த தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் சுவரைத் தடவியிருக்கிறது, பெயர்ந்த சுண்ணாம்பு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் உன்னைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. கறுப்புத் திட்டு சென்சார் (கேமராவுக்குள் படம் பதிகிற தகடு) மேல் ஒட்டிய தூசியாக இருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வரும், எஃப் 16இல் வானத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவரிலேயே இருக்கிற கறை என்றால் கை வைக்காதே.

பொதுவில் போடுவது அப்புறம். முதலில் ஒரு பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடு.

ஜீரோ நாய்ஸ்:

ப்ரோ, இவ்ளோ கஷ்டம் எதுக்கு? வானத்தை மாத்திடுங்க, மணலுக்கு ஆரஞ்சு ஏத்துங்க, ஒட்டகம் ஒண்ணு ஒட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

தேரடி தினா:

ஒட்டகத்தை ஒட்டுவதற்கு ரயில் டிக்கெட் எதற்கு ஜி, வீட்டிலேயே இருந்திருப்பேனே.

உடன்குடிக் கருப்பட்டி:

அண்ணாச்சி, தார் வரைக்கும் போவானேன்? எங்க ஊர் தேரிக்காட்டுக்கு வாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் போகிற வழியில் குதிரைமொழித் தேரி. மணல் செக்கச் செவேலென்று இருக்கும், இரும்புச் சத்து மணலின் மேல் படிந்து வந்த நிறம். பனையும் முந்திரியும் நிற்பதால் பாலைவனம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பனை இல்லாத மேடுகளில் நின்றால் ஊரே மறந்துபோகும்.

இரண்டு விஷயம். நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். "ஐயோ இவ்வளவு சிவப்பா" என்று கேமரா அதைக் கழுவி விட்டுவிடும், டேலைட்டில் பூட்டுங்கள். அடுத்தது, ஹிஸ்டோகிராமை மூன்று நிறமாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் மணல் வரியெல்லாம் ஒரே குங்குமப் பூச்சு ஆகிவிடும். அதனால் மேலே ஐயா சொன்ன +1 இங்கே ஆகாது.

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். நேற்று நடந்த காலடி இன்று இருக்காது, மேடு புதுசாக வரி போட்டு நிற்கும். படத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, லென்ஸுக்கு அதைவிடக் கெட்ட காலமும் இல்லை. அறையிலேயே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு வாருங்கள், அங்கே கழற்றாதீர்கள். கேமராவை பாலிதீன் பையில் போட்டு லென்ஸ் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ரப்பர் பேண்ட் போடுங்கள். மணல் ஒட்டினால் துணியால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். ஊதுகிற பல்பு மட்டும்தான்.

காலி வீடு என்றால், தேரியோரம் விடிலிகள் கிடைக்கும். பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. பருவம் முடிந்ததும் அப்படியே நிற்கும், அடுப்பில் சாம்பல்கூட இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "கைவிடப்பட்ட குடிசை" என்று எழுதி விடுகிறார்கள். யாரும் கைவிடவில்லை அண்ணாச்சி, பனை பாளை விடும்போது திரும்பி வருவார்கள். என் சித்தப்பா விடிலியையே ஒருத்தர் அப்படிப் போட்டிருந்தார். சித்தப்பாவிடம் காட்டினேன், "நான் செத்துட்டேம்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

அலையாத்தி:

எண்ணூர்க்காரன். மணல் தேடி இந்தப் பக்கம் வந்து அனல்மின் நிலையச் சாம்பல் குளத்தில் இறங்கிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். செப்பாக்கம் பக்கம் கரைமேல் நின்று பார்த்தால் சாம்பல் நிறப் பாலைவனம் மாதிரிதான் இருக்கும், வெடிப்பும் வரியுமாக. இன்ஸ்டாவில் "நிலாத் தரை" என்று போடுகிறார்கள். அது நிலாவும் இல்லை, பாலையும் இல்லை. பக்கத்து வீடுகளில் துவைத்துக் காயப்போட்ட துணியில் படிகிற நிலக்கரிச் சாம்பல். மேலே காய்ந்து, அடியில் சேறாக இருக்கும், கால் புதையும். மணலைவிட நைசானது, ஜூம் வளையத்துக்குள் போனால் வெளியே வராது, நெஞ்சுக்குள் போனாலும் அப்படித்தான்.

ஆயா வீடு பற்றி ஒன்று. சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், 1881 புயலில் உடைந்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே நம் பக்கம் கரை கரைந்துகொண்டே வந்தது. அப்புறம்தான் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீள்கிற கல் வரிசையாகத் தூண்டில் வளைவு போட்டார்கள். ஆக தினா, நீங்கள் மணல் தேடி ஜெய்சல்மேர் போனீர்கள், உங்கள் ஆயா வாசலில் இருந்திருக்க வேண்டிய மணல் மெரினாவில் கிடக்கிறது.

தேரடி தினா:

எல்லாருக்கும் நன்றி. அலையாத்தி, மெரினா வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யார்டில் கணக்கைத் தப்பாகப் போட்டேன்.

நெகட்டிவ் ஐயா சொன்னபடி 8x12 பிரிண்ட் போட்டேன். கிளாஸி வேண்டாம், இந்த ஈரக் காற்றில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்று லேபில் சொன்னார்கள், மேட் பேப்பரில் போட்டேன். கறுப்புத் திட்டு சென்சார் தூசி இல்லை, சோதித்துவிட்டேன். இருந்தாலும் அழித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. சோம்பலில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே இடத்துக்குப் போனேன். ஆயா இப்போது இருப்பது இரண்டு தெரு உள்ளே, மகள் வீட்டில். படத்தைக் கையில் வாங்கி, முழு நீளத்துக்குக் கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் விரலை நேராக அந்தத் திட்டின் மேல் வைத்தார். "வெளக்கு மசிடா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஏத்துவேன். எத்தினி வாட்டி சுண்ணாம்பு அடிச்சாலும் மேல வந்துரும்."

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். பொதுவில் போடலாமா என்று கேட்டேன். "போடு, ஆனா காலி வூடுன்னு போடாத" என்றார். தேரிக்காடு ஆடி மாதம் உறுதி, கருப்பட்டி அண்ணாச்சி, சித்தப்பாவையும் பார்க்க வேண்டும்.

இப்போது புதுப் பிரச்சினை. வாசப்படி இருந்த இடத்திலிருந்து வீட்டைப் பார்த்த மாதிரி ஒரு படம் வேண்டுமாம். பேரன் காசிமேட்டில் ஃபைபர் போட்டில் போகிறான், கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான். நான் இதுவரை போட்டில் ஏறியதில்லை. ஆடுகிற போட்டில் 35ஐ வைத்துக்கொண்டு ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது?

பழைய நெகட்டிவ்:

1/1000 விநாடியைவிட மெதுவாக வைக்காதே. முக்காலியை வீட்டில் வை. திரும்பி வந்ததும் ஈரத் துணியைப் பிழிந்து கேமராவின் உப்பைத் துடை. ஒரு இட்லிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு ஏறாதே.