புதுப்பிப்பு: ஏஜியன் கடற்கரைச் சுற்றுலா

பரிமாற்ற மாணவியாக துருக்கியின் இஸ்மிர் நகரில் படிக்கும் நான், துருக்கி மொழி சரளமாக வராத நிலையில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன், தைரியம் சொன்ன அனைவருக்கும் நன்றி.

நாங்கள் பார்த்த எபேசு, இன்று இடிபாடுகளாக நிற்கும் பழங்கால நகரம்; ஒரு காலத்தில் துறைமுக நகரம். ஆற்று வண்டல் படிந்து படிந்து கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது என்பதை, பெரிய அரங்கின் உச்சிப் படியில் நின்று எதிரே பச்சை வெளியை மட்டும் கண்டபோதுதான் உண்மையில் உணர்ந்தேன். அங்குள்ள செல்சுஸ் நூலகம், தந்தை செல்சுஸின் நினைவாக மகன் எழுப்பியது. அந்தத் தந்தையின் கல்லறையும் அதன் அடியிலேயே இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே அமைதியானது.

மாலையில் குஷாதாசிக் கரையில், தோழி எள் உதிரும் சிமிட் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்து, கடலைக் காட்டி, "தெனிஸ்" என்றாள். நான் "கடல்" என்றேன். அவளும் திருப்பிச் சொன்னாள்.