ஓம் விதிக்கு ஓம் பெயர் வைத்தது நியாயமா?

கணபதி காயில் கடை:
மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. பிள்ளைகளுக்கு இதை ஓம் விதி என்று சொல்லித் தருகிறோம். ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம் இதைக் கண்டது 1826இல். இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781லேயே கண்டுவிட்டார். 45 வருஷம் முந்தியவரைப் பற்றி நாம் பேச்சே எடுப்பதில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

சூலூர் வாத்தியார்:
ஒத்துக்கொள்ள முடியாதுங்க. கேவண்டிஷ் நோட்டில் எழுதியதோடு சரி, யாருக்கும் சொல்லவில்லை. 1810இல் இறந்தார். இயற்பியல் மேதை மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தது 1879இல். அப்போது ஓம் இறந்தே 25 வருஷம். பெட்டிக்குள் கிடந்த கண்டுபிடிப்பை வைத்து உலகத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

கணபதி காயில் கடை:
விளக்கு எரிந்ததா என்பது வேறு, முதலில் கண்டது யார் என்பது வேறு சார். அவர் அளந்த விதத்தைப் பாருங்கள். அம்மீட்டர் கிடையாது. பேட்டரியே கிடையாது, வோல்ட்டா அதைச் செய்தது 1800 வாக்கில்தான். மின்னூட்டத்தைச் சேமிக்கும் லேடன் ஜாடி என்ற கண்ணாடி ஜாடிகளில் மின்னூட்டம் ஏற்றி, உப்புத்தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகத் தன் உடம்பிலேயே பாய்ச்சிக்கொள்வார். இரண்டு குழாய்களை மாற்றி மாற்றித் தொட்டு, இரண்டிலும் ஷாக் ஒரே அளவாக உறைக்கும்வரை மின்சாரம் ஓடும் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார். இப்படி எடுத்த அளவுகள் சரியாக வந்ததைப் பார்த்து மாக்ஸ்வெல்லே வியந்துபோனார். மாக்ஸ்வெல் தன் ஆய்வகத்துக்கு வந்தவர்களையும் ஷாக் வாங்கவைத்துச் சோதித்தார்.

சூலூர் வாத்தியார்:
அசாத்தியமான மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஓம் பட்ட பாட்டையும் பேசணும். பூட்டுத் தொழிலாளியின் மகன், கொலோன் நகரத்துப் பள்ளி வாத்தியார். 1825இல் வோல்ட்டா வகை பேட்டரியை வைத்துச் சோதனை செய்தார். கம்பியை மாட்டினால் அந்தப் பேட்டரியின் விசை நிலையாக நிற்காது. கணக்கு பிசகி, தப்பான சூத்திரமே அச்சில் வந்துவிட்டது.

ஆய்விதழ் ஆசிரியர் பொக்கெண்டார்ஃப்தான் வழி சொன்னார்: பேட்டரியை விட்டுவிட்டு வெப்ப மின்னிணையைப் பிடியுங்கள் என்று. இரண்டு உலோகங்களைச் சேர்த்து, சந்திகளின் வெப்ப வித்தியாசத்தால் மின்னழுத்தம் எடுக்கும் அமைப்பு அது. பிஸ்மத் என்ற உலோகமும் செம்பும் சேரும் சந்திகள் இரண்டு. ஒன்று கொதிக்கும் தண்ணீரில், மற்றது பனிக்கட்டியில். கொதிக்கிற தண்ணீரும் உருகுகிற பனியும் வெப்பநிலை மாறாது, அதனால் அழுத்தமும் ஆடாமல் நின்றது. அப்புறம் ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகள், நீளம் மட்டும் வேறு வேறு. ஒவ்வொன்றாக மாட்டுவார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும். ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அது தொங்கும் இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று குறிப்பார்.

கிடைத்த விடை: மின்னோட்டம் = அ ÷ (ஆ + கம்பியின் நீளம்). 'அ' அந்த இணையின் அழுத்தம். 'ஆ' கம்பியைத் தவிர சுற்றில் மீதியிருக்கும் தடை. என்னைக் கேட்டால் இந்த 'ஆ'தான் உயிர். ஒரு கம்பிக்கு மட்டுமில்லாமல் முழுச் சுற்றுக்கும் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர் ஓம்.

பொங்கலூர் தோட்டம்:
நடுவில் ஒரு சந்தேகம். எங்களுடையது லைனில் கடைசிக் கம்பம். 415 காட்ட வேண்டிய வோல்ட் மீட்டர் சாயங்காலமானால் 340க்கு இறங்கும். அந்நேரம் போர்வெல் மோட்டாரின் ஆம்பியர் ஏறுது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையணுமில்லீங்களா? அப்ப விதியே தப்பா?

கணபதி காயில் கடை:
தப்பில்லீங்கண்ணா. மோட்டார் வெறும் கம்பி இல்லை. ஓடும்போது லைனுக்கு எதிராக அதுவே ஓர் அழுத்தத்தை உண்டாக்கும். அதைக் கழித்து மிஞ்சுவதுதான் ஆம்பியரைத் தள்ளும். வோல்ட் இறங்கினால் எதிர் அழுத்தமும் இறங்கும், சுழலும் பாகமான ரோட்டர் கொஞ்சம் பின்தங்கும். தண்ணீரின் பாரம் பெரிதாகக் குறையாது. அதைத் தூக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். என் கடைக்குக் கருகி வரும் காயில்களில் பல இப்படிப் போனவைதான். ஸ்டார்ட்டரில், ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவை மோட்டார் ஆம்பியருக்குச் சரியாக வையுங்க.

ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போருக்குள் இறங்கும் கேபிளில் வோல்ட் குறைவது அப்பட்டமாக இந்த விதிதான். நீளம் கூடினால் இறக்கம் கூடும், தடிமனான கேபிள் போட்டால் குறையும்.

சூலூர் வாத்தியார்:
அந்த நீளக் கணக்கு ஓமின் எட்டுக் கம்பியில் பிறந்ததுங்க. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 1827இல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டிலேயே பலர் கண்டுகொள்ளவில்லை, சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். மனம் வெறுத்து கொலோன் வேலையையும் விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் தன் உயரிய விருதான காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. அவர் பெயரை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கணபதி காயில் கடை:
அதே ராயல் சொசைட்டியில் 50 வருஷம் உறுப்பினராக இருந்தவர் கேவண்டிஷ். 1766இல் அதே காப்ளி பதக்கம் வாங்கியவர். அவருடைய குறிப்புகள் அதே நாட்டில்தான் கிடந்தன. 1827இல் யாராவது புரட்டிப் பார்த்திருந்தால், ஓம் சொல்வது சரி என்று அன்றைக்கே சாட்சி சொல்லியிருக்கலாம். 14 வருஷம் அவர் காத்துக் கிடந்திருக்க வேண்டாம். ஓம் பெயரை எடுக்க வேண்டாம் சார். அடுத்த முறை பாடம் நடத்தும்போது அந்த உப்புத்தண்ணீர்க் குழாயிலிருந்து ஆரம்பியுங்க.