உண்டிவில்: வேகம் கவட்டையிலா, ரப்பரிலா?

புதுக்கவட்டை: மரக் கவட்டை. வெளி அகலம் 12 செ.மீ., பிடியின் மேலிருந்து கொம்பு நுனி வரை 10 செ.மீ. பக்கத்துக்கு இரண்டு லேடெக்ஸ் பட்டை, 0.75 மி.மீ. தடிமன். 8 மி.மீ. இரும்புக் குண்டு. கன்னம் வரை இழுத்தால் 80 செ.மீ. இழுக்கக் கனமாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை; விட்டதும் குண்டை வைத்துப் பிடிக்கும் தோல் திரும்பி வந்து விரலில் அடிக்கிறது. எதை மாற்றுவது?

இரும்புக்கொம்பு: கவட்டையைத் தொடாதீர்கள். கொம்பு அகலமாக இருந்தால்தான் ரப்பர் நன்றாக விரியும், வேகமும் கூடும். கனம் தாங்கவில்லையா, முன்கையில் ஊன்றும் தாங்கி ஒன்று பொருத்துங்கள்.

ரப்பர்பாண்டி: அகலத்தால் வேகமா? கணக்குப் போடுங்கள். 80 செ.மீ. இழுவையில் 9 செ.மீ. கவட்டைக்கு ஒரு பக்கப் பட்டை 80.13 செ.மீ. விரிகிறது, 12 செ.மீ. கவட்டைக்கு 80.22. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இவருக்குக் குண்டும் ரப்பரும் பொருந்தவில்லை. 8 மி.மீ. குண்டு 2 கிராம்தான். பட்டை சுருங்கும்போது தன் எடையையும் தோலின் எடையையும் சேர்த்துத்தான் இழுத்து ஓடுகிறது. ரப்பரைக் கூட்டக் கூட்ட, அந்தச் சின்னக் குண்டுக்குப் போய்ச் சேரும் பங்கு குறைகிறது. மிச்சம்தான் விரலில் விழும் அடி.

பக்கத்துக்கு ஒரே பட்டை, 0.5 மி.மீ. போதும். கொம்புப் பக்கம் 20 மி.மீ., தோல் பக்கம் 12 மி.மீ. என்று சரிவாக வெட்டுங்கள். அதிக வேகமாக ஓடுவது தோல் பக்கத்து முனை. எடையை அங்கேதான் குறைக்க வேண்டும். ஐந்து மடங்கு விரிய, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் 16 செ.மீ. இருக்கட்டும். கட்டுவதற்கு 3 சேர்த்து 19 வெட்டினால் சரி.

இரும்புக்கொம்பு: அகலக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மடங்கு இழுத்த சரிவுப் பட்டை தோல் கட்டருகே சீக்கிரம் கிழியும், அதைச் சொல்லாமல் விட்டீர்களே. குண்டை மாற்றினால் என்ன? 12 மி.மீ. இரும்பு 7 கிராம். அதே இரட்டைப் பட்டை, கையடியும் குறையும். கவட்டையைக் குறுக்கினால் குண்டு கொம்பில்தான் மோதும்.

ரப்பர்பாண்டி: கையடி குறையும், உண்மை. இழுக்கிற கனம்? அது அப்படியே நிற்கும். அவர் முதலில் சொன்ன குறையே அதுதான்.

குண்டு கொம்பில் மோதுவதற்குப் பெரும்பாலும் காரணம் தோலைக் கோணலாகப் பிடிப்பது, விடும்போது விரலைத் திருகுவது, இரண்டு பட்டையும் நீளத்தில் ஒத்துப்போகாதது. அகலம் கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவே.

கையை உண்மையில் வாட்டுவது உயரம். 7 கிலோ இழுவை 10 செ.மீ. உயரத்தில் நின்றால் மணிக்கட்டில் 70 கிலோ-செ.மீ. திருகு, 4 செ.மீ. என்றால் 28. கொம்பைத் தாழ்த்திக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொம்புகளின் அடியில் ஊன்றினால் தாங்கியே வேண்டாம். கவட்டையைப் படுக்கையாகப் பிடித்துக் குறி பார்ப்பவர்களுக்குத் தாங்கி இடைஞ்சல் வேறு.

தகரடப்பா: குறுக்கே வருகிறேன். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரத்தில் பல் விழும், கிழிசல் அங்கேதான் தொடங்கும். உருளும் கத்தியை இரும்பு ஸ்கேலோடு சேர்த்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெயிலில் போட்ட ரப்பர் கெட்டுப்போகும். எறிவதற்கு முன் மெதுவாக இழுத்து ஓரங்களைப் பாருங்கள், கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; அறுந்த பட்டை நேரே முகத்துக்குத்தான் வரும். குறிக்குப் பின்னால் தளர்வாகத் தொங்கும் தடித்த துணி வையுங்கள், சுவரில் பட்ட இரும்பு திரும்பி வரும்.

இரும்புக்கொம்பு: உயரத்தில் நான் தோற்றேன். சரிவில் இல்லை. புதியவருக்கு 20-க்கு 15 போதும், கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் 18 செ.மீ. நீளம், ஏறத்தாழ நாலரை மடங்கு. கொஞ்சம் வேகம் போனாலும் பட்டை நின்று உழைக்கும்.

ரப்பர்பாண்டி: பழகுவதற்குச் சரி. தகர டப்பா ஓட்டையாக வேண்டுமென்றால் என் அளவுக்கு வாருங்கள்.

புதுக்கவட்டை: கொம்பை அறுத்துத் தாழ்த்தலாமா?

ரப்பர்பாண்டி: மரத்தின் நார் கொம்பு வழியாகவே நீளமாக ஓடினால் மட்டும். குறுக்கே ஓடினால் இழுக்கும்போது முறியும், அதை அடுப்புக்குக் கொடுங்கள். அறுத்தபின் விளிம்பு முழுதையும் உருட்டித் தேயுங்கள், கூர் இருந்தால் பட்டையை அரித்துவிடும். கட்டுக்கான பள்ளத்தை இரண்டு கொம்பிலும் ஒரே மட்டத்தில் போடுங்கள்.




இரும்புக்கொம்பு: இதில் மட்டும் சண்டை இல்லை.