மறுசுழற்சித் துணியில் தைத்த உயர்தர உள்ளாடைகள்: வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். உயர்தர உள்ளாடை தயாரிப்பவர்களில் பலர் இப்போது மறுசுழற்சி நைலான், மீட்டெடுத்த லேஸ் என்று குறிப்பிட்டுக் கூடுதல் விலை வைக்கிறார்கள். நாள் முழுவதும் உடலோடு ஒட்டியிருக்கும் ஆடை என்பதால் கேட்கிறேன்: கழிவிலிருந்து வந்த நூல் சருமத்துக்கு ஏற்றதா? புது நூலைப் போல உழைக்குமா? துணித்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். எந்த இழை, எந்த முறையில் மீட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை மாறும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011-இல் அறிமுகப்படுத்திய ஈகோனில் நூலில், பழைய மீன்பிடி வலைகள், தரைவிரிப்புகள், ஆலைக் கழிவுகள் ஆகியவற்றிலுள்ள நைலான் 6 வேதிமுறையில் பிரிக்கப்பட்டு, கேப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாகவே திரும்பிவிடுகிறது. அதைத் தூய்மைப்படுத்தி மறுபடியும் நூலாக இழுப்பதால், மென்மையிலும் வலுவிலும் அது புது நைலானுக்குக் குறைந்ததல்ல. பருத்தி அப்படியில்லை. பழைய துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழைகள் அறுபட்டுக் குட்டையாகிவிடுகின்றன. அதனால்தான் அதில் புதுப் பஞ்சைக் கலந்து நூற்கிறார்கள். கவட்டுப் பகுதியின் உள்துணி புதுப் பருத்தியாக இருந்தால் அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

சருமத்தை உறுத்துவது பெரும்பாலும் சாயமும் இறுதிப் பூச்சும்தான். அவற்றுக்கு ஓயெக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று உண்டா என்று பாருங்கள். அது தீங்கான வேதிப்பொருள்களைச் சோதித்துத் தரப்படுவது. மறுசுழற்சியின் அளவுக்கு ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) சான்று உண்டு, அதன் முத்திரையைப் பொருளில் பொறிக்க, மறுசுழற்சிப் பங்கு குறைந்தது 50 சதவீதம் இருக்க வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னது நூலுக்குப் பொருந்தும். மீட்டெடுத்த லேஸ் என்பது பெரும்பாலும் மறுசுழற்சியே அல்ல. ஆலையிலோ தையல் நிறுவனத்திலோ பயன்படாமல் தேங்கிய சுருள்களைத்தான் அப்படி அழைக்கிறார்கள். பிரான்சின் கலேயிலும் கோத்ரியிலும், 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உருவான லீவர்ஸ் வகைத் தறிகளில் இன்றும் லேஸ் நெய்கிறார்கள். அவ்வளவு உழைப்பில் பிறந்த துணி கிடங்கில் வீணாகாமல் ஆடையாவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் எப்படியும் விற்றுத் தீரக்கூடிய உபரித் துணியைக்கூடக் காப்பாற்றிய துணி என்று விளம்பரம் செய்வோர் உண்டு. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் நேர்மையான தயாரிப்பாளர் சொல்லிவிடுவார்.

தேங்கிய லேஸில் நான் முதலில் சோதிப்பது நீட்சியைத்தான், ஏனெனில் துணிக்கு இழுவைத்தன்மை தரும் எலாஸ்டேன் இழை கிடங்கின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் தானாகவே நலிந்துவிடும். ஒரு சாண் பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக இழுத்து விடுங்கள். விளிம்பு அலையலையாக நின்றாலோ, வெண்மையான மெல்லிய இழைத் துண்டுகள் பூக்களுக்கிடையே துருத்திக்கொண்டு வந்தாலோ, அந்தப் பட்டை சில சலவைகளுக்குமேல் தாங்காது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் கிழிந்துபோன பழைய உள்ளாடையையே மறுபடியும் நூலாக்க முடியாதா?

மறுமொழி 3

இன்றைய நிலையில் அது மிகக் கடினம். ஒரே பிராவில் நைலான், எலாஸ்டேன், பருத்தி, நுரைப்பஞ்சு, கம்பி, கொக்கி என எத்தனையோ பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் எலாஸ்டேன்தான் பெரிய தடை, ஏனெனில் அது நைலானோடு பின்னிக் கிடப்பதால் பிரித்தெடுப்பது எளிதல்ல. ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தின் ரொய்க்கா என்ற எலாஸ்டேன் நூலில் மறுசுழற்சி வகை ஒன்று இருந்தாலும், அது உடுத்திக் கழித்த ஆடைகளிலிருந்து வருவதல்ல, உற்பத்தியின்போது மிஞ்சும் கழிவிலிருந்து வருவது. ஆகவே, தோள்பட்டையையும் கொக்கியையும் கழற்றி மாற்றும்படி தைத்திருக்கிறார்களா, மாற்றுப் பட்டை தருகிறார்களா என்று விசாரித்து வாங்குங்கள். மறுசுழற்சி நைலானும் சலவையில் நுண்ணிழைகளை உதிர்க்கும் என்பதால் குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவமும் உலர்த்தி இயந்திரமும் எலாஸ்டேனைக் கெடுத்துவிடும், அவற்றைத் தவிர்த்து நிழலில் உலர்த்துங்கள்.