பென்சன் போன சேரைத் திரும்பக் கூப்பிட்ட கதைகள்

வயல்காரன், படுவான்கரை:

எங்கள் ஊர்ப் பாடசாலைக் கணித ஆசிரியர் இடமாற்றம் கிடைத்து, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எழுவான்கரைக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. கணிதப் பாடவேளை வந்தால் தரம் 11 பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்கள். ஊரிலேயே பென்சன் எடுத்த கணித சேர் ஒருவர் இருக்கிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து சிலர் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனோம்.

தேத்தண்ணி வந்தது. ஊர், பிள்ளைகளின் எதிர்காலம் என்று பெரிதாகத் தொடங்கினோம். கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் சரி மனே. கடைசித் தவணையில அவங்க எழுதின தாளக் கொண்டாங்க. புள்ளிப் பட்டியல் வேணாம், தாள். மறுகா பேசுவம்."

கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பப் போனபோது தாள்களை மூன்று கட்டாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் கட்டு தானாகச் சித்தியடையும் என்றார். கடைசிக் கட்டுக்குத் தரம் 6 கணக்கில் இருந்து தொடங்க வேண்டும், அதற்குத் தனியாக ஆள் பாருங்கள் என்றார். நடுக் கட்டுத்தான் தன் வேலையாம். சாதாரண தரப் பரீட்சையில் 35 எடுத்தால் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. இருபதுகளில் நிற்கிற பிள்ளைக்கு முதலாம் பத்திரத்தின் 'ஏ' பகுதியில் இருக்கும் 25 குறுங்கேள்விகளை ஒழுங்காகப் பழக்கினாலே பாதி தூரம் வந்துவிடும், இரண்டாம் பத்திரத்தில் 12 கேள்வியில் 10ஐத் தெரிவுசெய்யத் தெரிந்திருக்க வேண்டும், எங்கள் பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

நிபந்தனைகளும் சொன்னார். காலை முதல் மூன்று பாடவேளைகள் மட்டும். தரம் 11 மட்டும். வராத ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பக் கூடாது, கூட்டம், விழா என்று கூப்பிடக் கூடாது. கோயில் நிருவாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் ஒருவர் மாதம் ஏதாவது தரலாம் என்றபோது, அந்தக் காசுக்குப் பயிற்சித்தாள் போட்டோக் கொப்பி அடிக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் ஊரில் எப்படி? கேட்டவர்களும் எழுதுங்கள், கேட்கப்பட்டவர்களும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர், நிந்தவூர்:

நான் கேட்கப்பட்ட ஆள். முதலில் ஃபோனில் கேட்டார்கள். "டீச்சர் சும்மா வீட்டிலதானே இருக்கீங்க?" சும்மாவா? காலையில் பேரனைக் குளிப்பாட்டி முன்பள்ளிக்கு அனுப்புவதும், சுகமில்லாத உம்மாவுக்கு மருந்து கொடுப்பதும், உம்ரா போகச் சேர்த்த காசைக் கணக்குப் பார்ப்பதும் எனக்கு வேலைதான். ஏலாது என்று வைத்துவிட்டேன்.

பிறகு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது அங்கே ஆசிரியை, நேரில் வந்தாள். தரம் 9, வாரத்தில் இரண்டு நாள், வாசிப்பும் எழுத்தும் மட்டும் என்றாள். அப்படிக் கேட்டால் யோசிக்க முடிகிறது. வகுப்பு மாடியில் இருந்தது, என் முழங்கால் படி ஏறாது. அதைச் சொன்னதும் வகுப்பைக் கீழே மாற்றித் தந்தார்கள். சம்பளம் கூட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது.

நோன்பு விடுமுறையோடு நின்றுவிட்டேன், மகளுக்குப் பிரசவம். எனக்குப் பிறகு யார் என்று பாடசாலை யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்கப் போகிறவர்கள் அதையும் யோசியுங்கள்.

வேலையில்லாப் பட்டதாரி, வந்தாறுமூலை:

கோபத்தோடு எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். பட்டம் எடுத்துவிட்டு நாங்கள் காத்திருக்கிறோம், நீங்கள் பென்சன்காரரைத் தேடிப் போகிறீர்கள்! என் பாடம் கலைத்துறை, கணிதத்துக்கு நான் உதவ மாட்டேன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரசாங்கம் முதலில் ஓய்வு வயதை 65 ஆக்கியது, பிறகு திரும்ப 60 ஆக்கி 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதைத் தாண்டியவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. அந்த இடங்களுக்கு ஆள் எடுக்காமல், போனவர்களையே இலவசமாக வரச் சொன்னால் யாருக்கு இலாபம்?

மண்டூரான்:

2022இல் பெற்றோல் இல்லாமல் வாரத்தில் 3 நாள் பாடசாலை நடந்ததே, அப்போது குருமண்வெளியால் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி வருகிற ஆசிரியர்கள் அந்த மூன்று நாளும் வந்து சேரவே பட்ட பாடு! உள்ளூரில் இருந்த பென்சன் டீச்சர் ஒருவர் தன் வீட்டு மண்டபத்திலேயே சின்னப் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார். யாரும் போய்க் கேட்கவில்லை.

லண்டனில் தங்கச்சி இருக்கிறவன், களுவாஞ்சிக்குடி:

2021 டிசம்பரில் ஒமிக்ரோன் பரவியபோது இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் நதீம் சஹாவி, முன்னாள் ஆசிரியர்களை வகுப்புக்குத் திரும்பி வரும்படி கேட்டார். அங்கே வருகிற ஆளுக்குக் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிள்ளைகள் முன்னால் விடுவார்கள். நமக்கு ஊரில் தெரிந்தவர் என்றால் போதும். போதுமா?

முன்னாள் அதிபர், அம்பாறை மாவட்டம்:

பட்டதாரித் தம்பி சொல்வதில் பாதி என் அனுபவம். நான் இருந்த பாடசாலையில் பென்சன் எடுத்த விஞ்ஞான ஆசிரியரின் பெயரை நேர அட்டவணையில் போட்டுவிட்டோம். மேலே இருந்து பார்க்க வந்தவர்கள் அட்டவணை நிறைந்திருக்கிறதே என்றார்கள். அடுத்த நியமனம் வேறு பாடசாலைக்குப் போயிற்று. ஆகவே அட்டவணையில் அந்தப் பாடவேளைகள் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். வெற்றிடத்தை ஒவ்வொரு முறையும் எழுத்தில் அனுப்ப வேண்டும், அனுப்பியதன் பிரதி கையில் இருக்க வேண்டும். வருகிறவர் நல்லவர் என்பதற்காக இதில் சோம்பல் பட்டால் அவர் நோயில் படுக்கும் நாளில் பிள்ளைகளுக்கு ஒருவரும் இல்லை.

வயல்காரன், படுவான்கரை:

அதிபர் ஐயா, நீங்கள் சொன்னதை எங்கள் அதிபரிடம் சொல்லி, அவர் அட்டவணையில் இருந்து சேரின் பெயரை எடுத்துவிட்டார். இப்போது சேருக்கு மனவருத்தம். "அப்ப நான் பள்ளிக்கூடத்துல இல்லாத ஆளா மனே?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

முன்னாள் அதிபர், அம்பாறை மாவட்டம்:

அட்டவணைக்கு வெளியே வளவாளர் என்று தனித்தாளில் பெயர், பாடம், நேரம் எழுதி, அதிபர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். தினமும் ஒப்பமிட அவருக்கென்று ஒரு கொப்பியும் வையுங்கள். மற்றது, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் கொடுங்கள், காரியாலய அறையில் வைத்து அல்ல.