சைனால வந்த போன் நம்மகிட்ட வர ஏன் இவ்ளோ நாள் ஆகுது?

சார்ஜர்_தேடி:
ஒன்பிளஸ் 13 சைனால 2024 அக்டோபர் 31க்கே ரிலீஸ் ஆயிருச்சு, இந்தியாக்கு 2025 ஜனவரி 7 தான். ஷாவ்மி 14ம் அதே கதை, அங்க 2023 அக்டோபர் கடைசி, இங்க 2024 மார்ச். ஆனா ஐபோன் மட்டும் அமெரிக்கால விக்குற அன்னிக்கே இங்கயும் விக்குறாங்க. வேணும்னே லேட் பண்றாங்களா? அடுத்த மாடலுக்கு காத்திருக்கணுமா இல்ல சென்னை பர்மா பஜார்ல சைனா செட்டே தூக்கிரலாமான்னு யோசிக்கிறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

மவுண்ட்ரோடு_மச்சான்:
வேணும்னே எல்லாம் இல்ல ப்ரோ. இங்க விக்கணும்னா மொதல்ல பிஐஎஸ்ல (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதியணும், அதுக்கு அவங்க ஏத்துக்கிட்ட லேப்ல டெஸ்ட் ஆகணும், பேட்டரிக்கு தனி சார்ஜருக்கு தனின்னு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வாங்கணும், வயர்லெஸ்சுக்கு டபிள்யூபிசி (டெலிகாம் துறைல அலைவரிசைய பாத்துக்கிற பிரிவு) அனுமதி வேற. புது போன் பத்தி முன்னாடியே லீக் போடுற பசங்க பிஐஎஸ் சைட்ல மாடல் நம்பர் வந்துருச்சுன்னு குதிக்கிறது இதனாலதான். 2019ல பிக்சல் 4 இங்க வராமலே போச்சே ஞாபகம் இருக்கா? அதுல கை அசைவ கண்டுபிடிக்கிற ரேடார் 60 கிகாஹெர்ட்ஸ்ல ஓடும், அந்த அலைவரிசைக்கு அப்ப இங்க அனுமதி இல்ல, கூகுள் இந்தியாவ அப்படியே விட்டுருச்சு.

பழைய_நோக்கியா:
பேப்பர் வேலை மட்டும்னா இத்தன மாசம் ஆகாது தம்பி. சாஃப்ட்வேர்தான் பெரிய வேலை. சைனா ரோம்ல (போன்ல ஓடுற சாஃப்ட்வேர்) கூகுள் சர்வீஸ் சரியா இருக்காது, வெளிநாட்டுக்குன்னா கூகுளோட டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணி வேற ரோம் ரெடி பண்ணணும், அப்புறம் ஒவ்வொரு நாட்டு நெட்வொர்க்கோடவும் வோல்ட்டி, அதான் 4ஜி வழியாவே கால் பேசுற வசதி, ஒத்துப்போகணும். ஜியோக்கு 2ஜி 3ஜி கிடையாதுல்ல, வோல்ட்டி வேலை செய்யலன்னா நெட் ஓடும் கால் போகாது, அத வச்சு என்ன பண்றது.

ஓஎம்ஆர்_வாசி:
ஐபோன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே. அதுவும் முன்னாடி லேட்டாதான் வந்துச்சு. 2012ல ஐபோன் 5 அமெரிக்கால செப்டம்பர் 21, இங்க நவம்பர் 2. ஐபோன் 6 ஒரு மாசம் லேட். மொத லாட் எங்க நெறைய விக்குமோ அங்கதான் அனுப்புவாங்க, அப்ப நாம அந்த வரிசைல கடைசி. அப்புறம் 2018ல இறக்குமதி வரி 20 சதவீதம் ஆச்சு (2024 ஜூலைலதான் 15க்கு வந்துச்சு), இங்கயே அசெம்பிள் பண்ணாதான் கட்டுப்படியாகும்னு ஆயிருச்சு. ஐபோன் 15 வந்தப்போ ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்ச செட்டே மொத நாள் கடைல இருந்துச்சு. ஆனா ப்ரோ மாடல் அப்ப இங்க செய்யவே இல்ல, அதுவும் அதே நாள்தான் வந்துச்சு, அதனால ஃபேக்டரி மட்டும் காரணம்னு சொல்லமாட்டேன். இங்க வெல குடுத்து வாங்குற ஆளு கூடிட்டாங்க, அவ்ளோதான்.

மவுண்ட்ரோடு_மச்சான்:
சைனாக்காரனும் காத்திருக்கான்பா 😄 ஐபோன் ஏர்ல சிம் போடவே இடமில்ல, இ-சிம் மட்டும்தான். அங்க போன்ல இ-சிம்முக்கு அனுமதி வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சு 2025 அக்டோபர் 22க்குதான் வித்தாங்க, மத்த நாட்டுல செப்டம்பர் 19க்கே வந்தாச்சு. இந்தோனேசியா இன்னும் மோசம், தயாரிப்புல உள்நாட்டுப் பங்கு 40 சதவீதம் இல்லன்னு ஐபோன் 16க்கு தடை போட்டு 2025 ஏப்ரல்லதான் கடைக்கே விட்டாங்க.

சார்ஜர்_தேடி:
ஓ இவ்ளோ இருக்கா. அப்ப பர்மா பஜார் வேணாமா?

பழைய_நோக்கியா:
சில மாசம்தானே, பொறுத்துக்க. சைனா செட்டுக்கு இங்க கம்பெனி வாரண்டி கிடைக்கும்னு நம்பாத, டிஸ்ப்ளே போச்சுன்னா உன் காசுதான். அப்படியும் அடங்கலன்னா உன் சிம்ம கடைலயே போட்டு ஒரு கால் பேசிப் பாத்துட்டு அப்புறம் பணத்த எடு.