வழிப்பயணச் சாப்பாடு: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

போன சித்திரைப் பௌர்ணமிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலை கிளம்பினேன். அவருக்கு 68 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. வேலூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தானே, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் போய்விடலாம், அங்கேயே டிபனை முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். அப்பா வழக்கம்போல ஆறரைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

பௌர்ணமியன்று அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணியம்பாடி தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. கண்ணமங்கலம் வருவதற்கே எட்டரை மணி ஆகிவிட்டது. பேசிக்கொண்டே வந்த அப்பா திடீரென்று பேச்சை நிறுத்தினார். புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வியர்த்தது. ஆனால் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. "என்னப்பா செய்யுது?" என்று கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்கிறார். எங்கள் வீட்டில் மாடு இருந்தே இருபது வருடம் ஆகிறது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மாதான், "சுகரா தம்பி? இறக்கு, இறக்கு, இனிப்பா ஏதாவது குடு" என்று சத்தம் போட்டு வண்டியை நிறுத்த வைத்தார். எதிரே டீக்கடை. மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு, டீ ஆற்றுகிற மாதிரியே இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கரைத்து நீட்டினார். கால் மணி நேரத்தில் அப்பாவின் முகத்தில் களை திரும்பியது. "ஏன்டா இங்க இறங்கினோம்?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பஸ் போய்விட்டது. அந்த அம்மாவும் எங்களுக்காக இறங்கியிருந்தார். "சக்கரத் தண்ணி ரொம்ப நேரம் நிக்காது, மேல ஆகாரம் போகணும்" என்று சொல்லி, புளியமரத்தடியில் நின்ற கூழ் வண்டிக்குக் கூட்டிப்போனார். கூழ்க்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு, பானையிலிருந்து கேழ்வரகுக் கூழை உருண்டையாக எடுத்துச் செம்பில் போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்து கரைத்தார். நொய் பல்லில் படுகிற பதம். மேலே சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். தண்ணீர் விடாமல் கெட்டி மோரிலேயே கரைக்கச் சொல்லிக் கேட்டேன்; வெளியூரில் எனக்குப் பயம் தண்ணீர்தான். அப்பா செம்பைக் கீழே வைக்காமல் குடித்தார்.

அன்றைக்கே டாக்டரிடம் போனில் பேசினேன். அப்பா போடுகிற கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இப்படித்தான் வியர்வை, நடுக்கம், குழப்பம் எல்லாம் வரும் என்றார். இலையில் சாப்பாடு விழுந்த பிறகு மாத்திரையை எடுக்கச் சொன்னார். இப்போது எங்கே கிளம்பினாலும் ஒரு டப்பாவில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய நாலு இட்லி வந்துவிடும். சட்னி கிடையாது, அதுவும் தேங்காய்ச் சட்னி இந்த ஊர் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். அப்பாவின் சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேழ்வரகு என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று செம்பு செம்பாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மாவுச்சத்துதான், ஏறத்தான் செய்யும். நாங்கள் ஒரு செம்போடு நிறுத்தினோம். பஸ்ஸில் உதவிய அந்த அம்மாவின் பேரைக் கேட்காமல் விட்டது இன்னும் மனசை உறுத்துகிறது.

ஆம்பூரிலிருந்து:

வாடகைக் கார் ஓட்டுகிறேன், பெரும்பாலும் சென்னை, பெங்களூர் சவாரி. எங்கள் ஊர் பிரியாணியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். சீரகச் சம்பா, கூடவே கத்திரிக்காய், தயிர் வெங்காயம். அதைச் சாப்பிடத்தான் சவாரிக்காரர்கள் இங்கே நிறுத்தச் சொல்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு என்பதுதான் விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். வாணியம்பாடி தாண்டியது நினைவிருக்கிறது. பர்கூர் கிட்டே பின்னால் இருந்த பெண்மணி "அண்ணா!" என்று கத்தியபோதுதான் கண்ணைத் திறந்தேன், வண்டி நடுத்தடுப்பை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மடியில் கைக்குழந்தை.

அதற்கப்புறம் ஸ்டீயரிங்கில் இருக்கிற நாளில் அரை பிளேட்தான். சோறு குறைவு, கறியும் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் அப்படியே. சாப்பிட்டதும் கிளம்புவதில்லை, இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுவேன். அவசரப்படுத்துகிற சவாரிக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

திருப்பத்தூரிலிருந்து:

அம்மாவின் கதிர்வீச்சு சிகிச்சைக்காக வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஐந்து வாரம் இருந்தோம். அம்மாவுக்கு வாயெல்லாம் புண், ஓட்டல் சாம்பார் ஒரு வாய் வைத்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். முதல் வாரம் பிரெட்டும் பாலுமாக ஓடியது, இரண்டு கிலோ இறங்கிவிட்டார்.

அந்தத் தெருக்களில் கடைப் பலகைகள்கூட வங்காள மொழியில் இருக்கும், அவ்வளவு பேர் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறார்கள். எங்கள் எதிர் அறையில் ஒரு வங்காளி அக்கா, கணவருக்குத் துணையாக வந்தவர். ஒற்றை அடுப்பு வைத்துத் தினமும் சமைப்பார். எங்கள் அறையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையல் அடுப்பு எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்தார். அன்று ராத்திரியே பாசிப்பருப்பும் பச்சரிசியும் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, நெய் விட்டுக் கொடுத்தேன். அம்மா ஒரு கிண்ணம் முழுதும் சாப்பிட்டார். பிறகு தயிர் சாதம், முட்டையை மசித்த கஞ்சி என்று மெல்ல மெல்ல ஏற்றினேன்.

பதிலுக்கு என்ன செய்வது என்று மார்க்கெட்டில் முள்ளு கத்திரிக்காய் வாங்கிக் கொடுத்தேன், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடிக் காய். காம்பில் முள்ளைப் பார்த்து முதலில் தயங்கினார். அப்புறம் வட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவிக் கல்லில் போட்டுச் சுட்டு, இரண்டு துண்டு எங்களுக்கும் கொண்டுவந்தார். காரமே இல்லை. தோலை நீக்கிவிட்டு அம்மாவுக்கும் ஊட்டினேன், அவர் இன்னொன்று கேட்டார்.